அஷ்டப் பிரதானம் எப்படி ஆட்சி நடத்தியது: ஓர் அரசாணையின் பின்னால் போய்ப் பார்க்கும் முறை

அஷ்டப் பிரதானம் என்ற அவையின் எட்டு அமைச்சர்களின் பெயரையும் பதவியையும் மனப்பாடம் செய்துவிட்டால் சிவாஜியின் ஆட்சிமுறை தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். போட்டித் தேர்வுக்கு அது போதும். சிவாஜியின் தலைநகரான ராய்கட்டிலிருந்து போன ஒரு கடிதத்தைப் படிக்கவோ, வகுப்பில் பாடம் எடுக்கவோ, அந்தக் காலத்தை வைத்து நாவல் எழுதவோ உட்கார்ந்தால் பட்டியல் உதவாது. அங்கே நீதிபதி வெள்ளைக்காரத் தூதரோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருப்பார். ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டிய சசிவர் கோட்டை பிடிக்கப் போயிருப்பார். முதன்மை அமைச்சர் பல மாதங்களாகத் தலைநகரிலேயே இருக்க மாட்டார். இவையெல்லாம் விதிவிலக்குகள் என்று ஒதுக்கினால் ஆட்சி புரியாது. ஆட்சி நடந்ததே அப்படித்தான்.

இதைப் பிடிக்க நல்ல வழி, ஆட்களை விட்டுவிட்டுக் காகிதத்தின் பின்னால் போவது. ஓர் ஆணை யார் கையில் எழுதப்பட்டது, யார் திருத்தினார், யார் குறியிட்டார், எந்த முத்திரை எங்கே விழுந்தது என்று பார்த்தால் இந்த எட்டுப் பேர் அவை எப்படி இயங்கியது என்பது தானாக வெளிவரும்.

நடுவில் அரசரை வையுங்கள்

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் அரசரை எழுதுங்கள். சுற்றிலும் எட்டுப் பெயர்கள். ஒவ்வொரு பெயரிலிருந்தும் அரசருக்கு ஒரு கோடு. அமைச்சர்களுக்கு இடையில் கோடு போடாதீர்கள். இன்றைய அமைச்சரவை போல எட்டுப் பேரும் கூடிப் பெரும்பான்மையால் முடிவெடுத்து, அதற்குக் கூட்டாகப் பொறுப்பேற்ற அமைப்பு இல்லை இது. அரசர் வேண்டுமென்றால் ஒருவரைக் கேட்பார், எல்லோரையும் கேட்பார், யாரையும் கேட்காமலும் முடிவெடுப்பார். நியமிப்பதும் நீக்குவதும் அவர். முதன்மை அமைச்சரான பேஷ்வா மற்றவர்களைவிட ஒரு படி மேல். ஆனால் மற்ற ஏழு பேரும் அவருக்குக் கீழே பணிபுரிந்தவர்கள் அல்லர்.

1674 ஜூன் 6 அன்று ராய்கட்டில் முடிசூட்டு விழா நடந்தபோது பதவிகளுக்குச் சமஸ்கிருதப் பெயர்கள் நிலைபெற்றன. பதவிகள் அதற்கு முன்பே பாரசீகப் பெயர்களில் இருந்தவைதான். மோரோபந்த் பிங்ளே 1662 முதலே பேஷ்வா. ஆகவே 1674க்கு முந்தைய ஆவணத்தில் வரவுசெலவு பார்த்த 'அமாத்தியர்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் அந்தப் பணி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; 'முஜும்தார்' என்று தேடுங்கள். சசிவர் என்றால் சுர்னிஸ், மந்திரி என்றால் வாக்னிஸ், சுமந்தர் என்றால் டபீர், சேனாபதி என்றால் சர்நோபத். பேஷ்வாவுக்கு 'முக்கியப் பிரதான்' என்று பெயர் வந்தாலும் பழைய பெயரே நின்றது. நீதிபதியான நியாயாதீசரும் சமய விவகாரம் பார்த்த பண்டித்ராவும் நமக்கு எளிதில் விளங்கும் பெயர்கள்.

தமிழ் வாசகர்கள் அதிகம் இடறுவது மந்திரியில். இங்கே மந்திரி என்பவர் பொதுவான அமைச்சர் அல்லர். அரசரின் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிந்து, அவரைச் சந்திக்க வருவோரையும் விருந்து அழைப்புகளையும் உளவுச் செய்திகளையும் கவனித்தவர். அரசரின் உயிர்ப் பாதுகாப்பு இவர் விழிப்பில்தான் இருந்தது. டபீரை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்: தஞ்சை மராட்டியர் காலத்தில் அதே பதவிப் பெயர் காவிரிக் கரைக்கு வந்து, கும்பகோணத்தில் இன்றும் தெருப் பெயராக நிற்கிறது.

ஒருவருக்கு மூன்று பத்தி

இரண்டாவது தாளில் ஒவ்வொரு அமைச்சருக்கும் மூன்று பத்திகள் போடுங்கள்: அலுவலகம், பகுதி, படை. முதல் பத்தி எல்லோருக்கும் நிரம்பும். மற்ற இரண்டையும் நிரப்பும்போதுதான் உண்மை நிலவரம் தெரியும்.

மோரோபந்த் பிங்ளே அலுவலகத்தில் பேஷ்வா. பகுதி என்று பார்த்தால் கல்யாண், பிவண்டியிலிருந்து சால்ஹேர் வரை நீளும் வடபுலம் அவர் பொறுப்பு. படை என்று பார்த்தால் 1672இல் சால்ஹேரில் முகலாயப் படையை எதிர்கொண்டவர்களில் பிரதாப்ராவ் குஜருடன் இவரும் ஒருவர். அன்னாஜி தத்தோ சசிவர். கொங்கணக் கடலோரம் அவர் பொறுப்பு. 1673இல் பன்ஹாளா கோட்டையைப் பிடித்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. மந்திரி தத்தாஜி திரிம்பக்குக்கு வாரணை ஆற்றுக்குத் தெற்கே மேட்டு நிலம். நியாயாதீசர் நிராஜி ராவ்ஜியின் படைப் பத்தி வெறுமையாக இருக்கும். ஆனால் 1674இல் பம்பாயிலிருந்து ஆங்கிலேயத் தூதர் ஹென்றி ஆக்ஸிண்டன் ராய்கட்டுக்கு வந்தபோது ஆங்கிலேயர் முதலில் பேசியது இவரிடம். வேற்றரசர் விவகாரம் பார்க்கச் சுமந்தர் என்று ஒருவர் இருக்க நீதிபதி ஏன் தூது பேசினார் என்று கேட்கத் தோன்றும். அரசர் ஆளின் திறமையைப் பார்த்து வேலையைக் கொடுத்தார். பதவிப் பெயர் வேலைக்கு வேலி கட்டவில்லை.

நியாயாதீசரும் பண்டித்ராவும் தவிர மற்ற ஆறு பேரும் தேவைப்பட்டால் படை நடத்த வேண்டியவர்கள். சேனாபதியான ஹம்பீர்ராவ் மோஹிதே தவிர மற்ற ஏழு பேரும் பிராமணர்கள். முந்தைய சர்நோபத்தான பிரதாப்ராவ் குஜர் 1674 பிப்ரவரியில் நேசரியில் மடிந்த பிறகே ஹம்பீர்ராவ் அந்த இடத்துக்கு வந்தார். முடிசூட்டு விழாவுக்குச் சில மாதம் முன்பு.

இப்போது கேள்வி எழ வேண்டும்: ஆறு பேரும் மாகாணத்திலும் போர்க்களத்திலும் இருந்தால் ராய்கட்டில் காகிதத்தை நகர்த்தியது யார்? முதாலிக். ஒவ்வொரு பெரிய பதவிக்கும் அரண்மனையில் ஒரு பதிலாள். அமைச்சர் ஊரில் இல்லாதபோது அவர் சார்பில் குறியிடும் உரிமை பெற்றவர். ஆவணத்தில் மோரோபந்தின் முத்திரை இருப்பதால் அன்று அவர் ராய்கட்டில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். வரலாற்றுப் புதினங்களில் அடிக்கடி நேரும் பிழை இது.

முதாலிக்குக்குக் கீழே அலுவலகம். அதிலும் எட்டுப் பேர்: திவான், முஜும்தார், பட்னிஸ், சப்னிஸ், கார்கானிஸ், சிட்னிஸ், ஜாம்தார், போத்னிஸ். கணக்குப் பார்ப்பவர், அவருக்குத் துணைத் தணிக்கையாளர், ஆள் பதிவேடும் தஃப்தர் என்ற ஆவணச் சேகரமும் வைத்திருப்பவர், சரக்கு காப்பவர், கடிதம் எழுதுபவர், விலைமதிப்புள்ள பொருள்களைக் காப்பவர், ரொக்கம் எண்ணுபவர் எனத் தனித்தனி ஆட்கள். பணத்தை எண்ணுகிறவர் கையில் பதிவேடு இல்லை. பதிவேட்டை எழுதுகிறவர் கையில் சாவி இல்லை.

ஆணையைத் தொடருங்கள்

முடிசூட்டு விழாவையொட்டி எழுதப்பட்ட கானுஜாப்தா என்ற பணிவரையறை ஒவ்வொருவரும் எதில் குறியிட வேண்டும் என்று சொல்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆவணத்தை இப்படிப் படியுங்கள்.

முதலில் எழுதிய கையைத் தேடுங்கள். அரச கடிதங்களை எழுதும் பொறுப்பு சிட்னிஸுடையது. சிவாஜியிடம் இந்த வேலையில் இருந்த பாலாஜி ஆவ்ஜி எட்டுப் பேரில் ஒருவர் அல்லர். ஆனாலும் அமைச்சர்கள் பலரைவிட அதிக ரகசியம் அறிந்தவர். அவரை விட்டுவிட்டு அஷ்டப் பிரதானத்தை விளக்க முடியாது.

அடுத்து சசிவர். எழுதிய கடிதத்தில் எழுத்து கூடியிருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது இவர் வேலை. மஹால், பர்கணா என்ற வருவாய்ப் பிரிவுகளின் காகிதங்களில் ஒப்புதல் குறி இடுவதும் இவரே. அமாத்தியர் பார்ப்பது தொகையை. நாட்டின் வரவும் செலவும் அவர் பார்வையில். தஃப்தர்தாரும் பட்னிஸும் அவருக்குக் கீழே. இருவர் வேலையும் ஒன்றுபோலத் தோன்றி மாணவர்களைக் குழப்புகிறது. ஒரு நில ஆணையில் ஊர்ப் பெயர், அளவு, பெறுபவர் பெயர் சரியா என்பது சசிவரின் கேள்வி. அந்த ஊரின் வருமானம் கணக்கில் எப்படி ஏறும் என்பது அமாத்தியரின் கேள்வி. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பொருளுக்கு ஏற்ப மற்றவர்கள் வருவார்கள். வேற்றரசர் விவகாரம் என்றால் சுமந்தர். வழக்குத் தீர்ப்பு என்றால் நியாயாதீசர். ஆசாரம், பிராயச்சித்தம், கற்றோருக்குக் கொடை என்றால் பண்டித்ராவ். கொள்ளைப் பொருளின் கணக்கும் படைவீரரின் குறையும் என்றால் சேனாபதி. எல்லாக் குறியும் எல்லாக் காகிதத்திலும் இருக்காது. தீர்ப்பு ஒன்றில் நியாயாதீசரின் ஒப்புதல் இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். படைக் கடிதத்தில் பண்டித்ராவின் குறி இல்லாதது இயல்பு.

பிறகு பேஷ்வாவின் முத்திரை. கடைசியில் அரசரின் முத்திரைகள் இரண்டு. ஆவணத்தின் தலையில் விழுவது பெரிய முத்திரை: வளர்பிறையின் முதல் நாள் நிலவைப்போல் வளர்வது, உலகம் வணங்குவது, ஷாஹாஜியின் மகன் சிவனுடைய இந்த முத்திரை நன்மைக்காக விளங்குகிறது என்று அது சொல்லும். வாசகம் சமஸ்கிருதத்தில் இருக்கும். கடிதத்தின் முடிவில் விழும் சிறிய முத்திரைக்கு மோர்தப் என்று பெயர். 'மர்யாதேயம் விராஜதே' என்பது அதன் வாசகம். எழுத்து இதோடு முடிந்தது, இதற்குக் கீழே எதையும் சேர்க்க முடியாது என்பதற்கான பூட்டு அது. மோர்தப்புக்குக் கீழே வரி எழுதியிருந்தால், அதைப் பிற்சேர்க்கையாகவே எடுத்துக்கொண்டு ஆராயுங்கள்.

தேதியைக் கணக்கிடும்போது

இந்த ஒரு படியில் தவறினால் மற்ற எல்லாம் வீண். பழைய மராட்டிய ஆவணங்களில் சுஹூர் ஆண்டு வரும். எண்ணாக இல்லாமல் அரபுச் சொற்களாக எழுதியிருப்பார்கள். 'கமஸ் சபைன் அலஃப்' என்றால் ஐந்து, எழுபது, ஆயிரம்; ஆக 1075. ஆண்டு பிறப்பது மே இறுதியில். எனவே ஜூன் முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 599ஐக் கூட்டுங்கள்: 1674. ஜனவரி முதல் மே வரை என்றால் 600ஐக் கூட்டுங்கள்: 1675. எப்போதும் ஒரே எண்ணைக் கூட்டுகிறவர்கள் பாதி ஆவணங்களில் ஓராண்டு பிசகிவிடுகிறார்கள்.

முடிசூட்டுக்குப் பின் ராஜ்யாபிஷேக சகம் என்ற புது ஆண்டுமுறை தொடங்கியது. சாலிவாகன சகம் 1596, ஆனந்த ஆண்டு, ஜேஷ்ட மாதம் வளர்பிறைத் திரயோதசி அதன் முதல் நாள். இந்த ஆண்டு எண்ணோடு, ஜேஷ்டத் திரயோதசிக்குப் பின் டிசம்பர் முடிய 1673ஐயும், ஜனவரியிலிருந்து அடுத்த ஜேஷ்டத் திரயோதசி வரை 1674ஐயும் கூட்டுங்கள். மூன்றாம் ஆண்டு என்றால் 1676 நடுவிலிருந்து 1677 நடுவரை. ஆவணங்கள் மராத்தியின் வேகக் கையெழுத்தான மோடி எழுத்தில் இருக்கும். அதைக் கற்க விரும்பும் தமிழ்நாட்டு வாசகர் மகாராஷ்டிரத்துக்கு ஓட வேண்டியதில்லை. தஞ்சை சரஸ்வதி மகாலிலேயே மோடி ஆவணங்கள் இருக்கின்றன.

பணம் எந்த வழியில் வந்தது

அவையின் உண்மையான வலிமை வாளில் இருந்ததைவிட நில அளவுக் கோலில் அதிகம் இருந்தது. அன்னாஜி தத்தோவின் அளவீட்டுமுறை இது: ஐந்து முழமும் ஐந்து முட்டியும் ஒரு காட்டி, அதாவது ஓர் அளவுகோல். முழத்துக்கு 14 தசு. கோலின் முழு நீளம் 82 தசு. இருபது காட்டி நீளமும் இருபது காட்டி அகலமும் கொண்ட நிலம் ஒரு பீகா. 120 பீகா ஒரு சாவர். கோலின் நீளத்தைத் தசுக் கணக்கில் நிலைநிறுத்தியதற்குக் காரணம் உண்டு. முழமும் முட்டியும் ஆளுக்கு ஆள் மாறும். அளப்பவர் உயரமானவராக இருந்தால் பீகாவின் எண்ணிக்கை குறைந்து அரசுக்கு நட்டம், குட்டையானவராக இருந்தால் எண்ணிக்கை கூடி உழவருக்கு நட்டம்.

விளைச்சலை ஐந்து பங்காக்கி மூன்று உழவருக்கு, இரண்டு அரசுக்கு. 50 கண்டி விளைந்தால் 20 கண்டி அரசுக்குச் சேரும். பல நூல்களில் மூன்றில் ஒரு பங்கு என்றும் காண்பீர்கள். அது முந்தைய விகிதம். எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்காமல் இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஐந்தில் இரண்டு என்பது குறைவான சுமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த சுமை அது. இடைத்தரகர் விருப்பப்படி ஏறுவதில்லை.

இந்த வரியிலிருந்துதான் அமைச்சர்களுக்குச் சம்பளம். பேஷ்வாவுக்கு ஆண்டுக்கு 15,000 ஹொன், அமாத்தியருக்கு 12,000, மற்ற ஆறு பேருக்கும் தலா 10,000. ஹொன் என்பது நம் பக்கத்துப் பொன், வராகன் போன்ற தங்கக் காசு. நிலமாகக் கொடுக்கவில்லை, பரம்பரை உரிமையும் இல்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நிலம் பெற்ற அமைச்சர் அந்த ஊருக்குச் சின்ன அரசராகிவிடுவார். அவர் மகன் அதைத் தன் சொத்து என்பான். ரொக்கம் வாங்குபவரை நாளைக்கே மாற்றலாம்.

படையிலும் இதே கணக்கு. 25 குதிரைவீரருக்கு ஒரு ஹவல்தார், ஐந்து ஹவல்தாருக்கு ஒரு ஜும்லேதார், பத்து ஜும்லாவுக்கு ஒரு ஹஸாரி. ஜும்லேதாருக்கு 500 ஹொன், ஹஸாரிக்கு 1,000. தசராவுக்குப் படை கிளம்பும்போது ஒவ்வொருவரும் என்ன எடுத்துப் போகிறார் என்று பட்டியல். மழைக்காலத்துக்கு முன் திரும்பும்போது மூட்டையைப் பிரித்துச் சோதனை. கூடுதலாக இருப்பது அரசின் கணக்குக்குப் போகும். கோட்டையிலும் ஹவல்தார், சர்நோபத், சப்னிஸ் என்று மூவர், சரக்குக்குத் தனியாக ஒரு கார்கானிஸ். சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம். ஒருவரை விலைக்கு வாங்கினாலும் கோட்டை கைமாறாது. ராய்கட்டில் எட்டுப் பேரை வைத்துச் செய்த அதே ஏற்பாடு கோட்டை வாசலிலும் இருந்தது.

எங்கே உடைந்தது

இவ்வளவு கவனமாகக் கட்டிய அமைப்பில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லாக் கோடுகளும் அரசரிடம் போய் முடிந்ததால், அரசர் இல்லாத நாளில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஆளில்லை. 1680 ஏப்ரல் 3 அன்று சிவாஜி மறைந்ததும் அது வெளிப்பட்டது. அன்னாஜி தத்தோவும் மோரோபந்தும் இளைய மகன் ராஜாராமை அரியணையில் அமர்த்த முனைந்தார்கள். ராஜாராமின் தாய் சோயராபாயின் உடன்பிறந்த ஹம்பீர்ராவ் மோஹிதே தன் மருமகன் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் மூத்த மகன் சம்பாஜியின் பக்கம் நின்றார். படை அவரோடு இருந்ததால் விவகாரம் அங்கேயே முடிந்தது. மறு ஆண்டு அன்னாஜி தத்தோவும் பாலாஜி ஆவ்ஜியும் கொல்லப்பட்டார்கள். நில அளவு முறையை வகுத்த கையும் அரச கடிதம் எழுதிய கையும் ஒரே வீச்சில் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

அடுத்த மாற்றம் நடந்தது தமிழ் மண்ணில். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்திருந்தார். சம்பாஜி கொல்லப்பட்ட 1689இல் ராஜாராம் அங்கே தப்பி வந்தார். 1698 வரை மராட்டிய அரசவை செஞ்சிக் கோட்டையிலிருந்து இயங்கியது. அங்கேதான் நிராஜி ராவ்ஜியின் மகன் பிரல்ஹாத் நிராஜிக்காகப் பிரதிநிதி என்ற புதிய பதவி உருவாகி, எட்டுக்கும் மேலே வைக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ராமச்சந்திர பந்த் அமாத்தியர் 'ஹுகுமத்பனாஹ்' என்ற பட்டத்தோடு கிட்டத்தட்ட அரசர்போலவே முடிவெடுத்தார். தலைநகருக்கும் போர்க்களத்துக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கும்போது வேறு வழியில்லை. முகலாயர் பக்கம் போகாமல் தலைவர்களைத் தடுக்க நிலத்தையும் வதன் என்ற பரம்பரை உரிமையையும் கொடுக்கத் தொடங்கினார்கள். சிவாஜி அடைத்து வைத்த கதவு அது. இந்தக் காலத்து ஆவணத்தில் 'பிரதிநிதி' என்ற சொல்லைக் கண்டால் 1690க்குப் பிந்தையது என்று உறுதியாக வைத்துக்கொள்ளலாம். 1674ஐப் பற்றிய கதையில் அந்தப் பதவியை நுழைப்பது பிழை.

சம்பாஜியின் மகன் ஷாஹுவின் காலத்தில் எட்டுப் பதவிகளும் குடும்பச் சொத்தாயின. 1713இல் பாலாஜி விஸ்வநாத் பேஷ்வா. 1720இல் அவர் மகன் பாஜிராவ், பத்தொன்பது வயதில். 1740இல் பாஜிராவின் மகன். சேனாபதிப் பதவி தாபாடே குடும்பத்தில். 1731இல் குஜராத்தின் டபோயில் பேஷ்வா பாஜிராவும் சேனாபதி திரிம்பக்ராவ் தாபாடேயும் களத்தில் மோதினார்கள், சேனாபதி மாண்டார். ஒரே அவையின் இரு உறுப்பினர்கள், ஒரே அரசருக்குப் பணிபுரிந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் சொந்த நிலமும் சொந்த வருமானமும் சொந்தப் படையும் இருந்ததால் இது நடந்தது. ரொக்கச் சம்பளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1749 டிசம்பரில் ஷாஹு மறைந்த பின் அதிகாரம் அரசரின் ஊரான சாத்தாராவிலிருந்து பேஷ்வாவின் ஊரான புணேவுக்குப் போய்விட்டது. இங்கே ஆவணம் படிப்பவர் இன்னொரு முறை இடறுவார். பேஷ்வாக்கள் கடைசிவரை சாத்தாராவிலிருந்து பதவி உடை பெற்றார்கள். 'ஷாஹு நரபதி ஹர்ஷநிதான் பாஜிராவ் பல்லாள் முக்கியப் பிரதான்' என்பதுபோல அரசரை முன்வைத்தே பேஷ்வா முத்திரை வாசகம் அமையும். முத்திரையில் சத்ரபதியின் பெயர் இருப்பதால் ஆணை சத்ரபதியுடையது என்று 1674க்குச் சொல்லலாம். 1750க்குப் பிறகு என்றால் காகிதம் எந்த ஊர்த் தஃப்தரில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.